தம்பிக்கு எச்எல்ஏ பி27 பாசிட்டிவ்: வீட்டில் எல்லோரும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

மண்டைக்காட்டுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு 27 வயது, சவுதியில் தம்மாமில் வெல்டர். சில வருடமாகவே இடுப்பு வலி. குனிந்து செய்கிற வேலை, அதனால் வருகிறது என்று அங்கே வலி மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை லீவில் வந்தபோதுதான் நாங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தோம். ராத்திரி மூன்று மணிக்கு மேல் வலி தாங்காமல் எழுந்து முற்றத்தில் நடக்கிறான், விடிந்த பிறகு இடுப்பு நிமிர ஒரு மணி நேரம் ஆகிறது, ஆனால் பத்து மணிக்கு மேல் தென்னைக்குத் தடம் வெட்டுகிறான், ஒன்றும் இல்லை என்கிறான். படுத்தால் கூடுகிறது, வேலை செய்தால் குறைகிறது, இது என்ன மாதிரி வலி என்று எங்களுக்குப் புரியவே இல்லை.

நாகர்கோவிலில் காட்டினோம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டுகிற சிஆர்பி கூடுதல், எச்எல்ஏ பி27 என்கிற ஜீன் டெஸ்ட் பாசிட்டிவ், எம்ஆர்ஐயில் இடுப்பு எலும்பு சேருகிற மூட்டில் அழற்சி. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், அதாவது முதுகெலும்பு வாதம் என்று டாக்டர் சொன்னார், ஜீன் சம்பந்தப்பட்டது என்றும் சொன்னார். வெளியே நல்ல கூட்டம், அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

அந்த ஒரு வார்த்தை வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டது. அப்பாவின் சித்தப்பா ஒருவர் நடுவயதிலேயே கூன் விழுந்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் மொத்த உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பாராம், அது இதுதான் என்று அம்மா அழுகிறாள். தங்கச்சிக்குக் கல்யாண ஆலோசனை வந்துகொண்டிருக்கிற நேரம். எல்லோரும் டெஸ்ட் எடுங்கள் என்கிறாள் பெரியம்மா. மாமா வர்ம ஆசானிடம் கூட்டிப்போகலாம் என்கிறார். பக்கத்து வீட்டில் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலின் கதிர்வீச்சுதான் காரணம் என்கிறார்கள்.

எனக்கு 33 வயது, பையனுக்கு 6. இது எங்களுக்கும் வருமா? ஜீன் இருந்தால் நோய் வந்தே தீருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குலசேகரத்தான்:

தங்கச்சி, எனக்கும் இதே நோய்தான். ரப்பர் பால் வெட்டுகிறவன், காலையில் நாலு மணிக்கு எழும்பினால்தான் வேலை. அந்த நேரத்தில் உடம்பு மடங்காது. டிஸ்க் விலகியிருக்கு, நரம்பு இழுத்திருக்கு, வாயு என்று ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொன்று சொன்னார்கள், பெல்ட் கட்டினேன், பெட் ரெஸ்ட் எடுத்தேன், ரெஸ்ட் எடுக்க எடுக்க மோசமாகத்தான் ஆனது. உன் தம்பிக்கு 27 வயதிலேயே பேர் தெரிந்துவிட்டது, அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள். உலகம் முழுக்கவே இந்த நோயைக் கண்டுபிடிக்க சராசரியாக ஆறு ஏழு வருடம் ஆகிறதாம், எக்ஸ்ரேயில் தெரியவே பல வருடம் பிடிக்கும் என்பது ஒரு காரணம். எம்ஆர்ஐ எடுத்தது நல்லதாயிற்று.

என் பாட்டாவுக்கு இருந்தது, அப்பாவுக்கு இல்லை, எனக்கு வந்தது. என் அண்ணனுக்கும் அதே ஜீன் இருக்கிறது. அவனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, இன்றைக்கும் தேங்காய் மூட்டை சுமக்கிறான், ஒரு நாள்கூட இடுப்பு வலி என்று சொன்னதில்லை. ஜீன் இருந்தால் வந்தே தீருமா என்று கேட்டாயே, எங்கள் வீட்டில் பதில் இதுதான்.

தம்பியிடம் சொல், சிகரெட் இருந்தால் இன்றைக்கே விடச் சொல். இந்த நோயில் புகை முதுகெலும்பை சீக்கிரம் ஒட்டவைக்கும். அப்புறம் தினமும் உடற்பயிற்சி, நீச்சல் முடிந்தால் ரொம்ப நல்லது, நான் ஆற்றில் குளிக்கிற நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டேன்.

தக்கலை வாத்தியார்:

நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் எடுக்கிறவன், டாக்டர் இல்லை. சிகிச்சை பற்றி நான் பேசப்போவதில்லை. ஜீன் என்றதும் எல்லோரும் விதி என்று புரிந்துகொண்டு நடுங்குகிறார்களே, அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

எச்எல்ஏ என்பது 6ஆவது குரோமோசோமில் இருக்கும் ஒரு ஜீன் கூட்டம். குளச்சலில் வள்ளம் கரைக்கு வந்ததும் ஏலத்துக்கு முன்னால் கொஞ்சம் மீனை வெளியே எடுத்துப் பரத்திக் காட்டுவார்கள் இல்லையா, உள்ளே என்ன கிடக்கிறது என்று அதை வைத்தே தெரிந்துவிடும். நம் செல்களும் அதைத்தான் செய்கின்றன. உள்ளே இருக்கிற புரதங்களைத் துண்டு துண்டாக்கி, எச்எல்ஏ என்ற மூலக்கூறின் மேல் வைத்து, செல்லின் வெளிப்பக்கத்தில் நீட்டிக்காட்டும். உடம்பின் காவல்காரர்களான டி செல்கள் வந்து பார்க்கும். நம்முடைய சரக்கு என்றால் விட்டுவிடும், வைரஸ் துண்டு என்றால் அந்த செல்லையே கொன்றுவிடும். எந்தத் துண்டு நன்றாகப் பொருந்தி உட்காரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், காரணம் மனித ஜீன்களிலேயே அதிக வகைகள் உள்ளது இந்தக் கூட்டத்தில்தான், ஆயிரக்கணக்கில். ஒரே காய்ச்சல் ஒரு வீட்டில் ஒருவனைப் படுக்கையில் போடுகிறது, இன்னொருவன் தும்மிவிட்டுப் போய்விடுகிறான் என்றால் அதற்கு இது ஒரு காரணம்.

பி27 அந்த ஆயிரத்தில் ஒரு வகை. 1973இல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கண்டார்கள், இந்த முதுகெலும்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினரிடம் பி27 இருந்தது. ஒரு நோய்க்கும் ஒரு ஜீன் வகைக்கும் இவ்வளவு இறுக்கமான தொடர்பு அபூர்வம். ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும், அங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். பி27 உள்ள 100 பேரை ஊரிலிருந்து பொறுக்கி எடுத்தால் அவர்களில் இந்த நோய் வருவது 5 பேருக்கு, அல்லது அதைவிடக் குறைவு. நோயாளிகளில் பெரும்பாலோரிடம் ஜீன் உண்டு. ஜீன் உள்ளவர்களில் பெரும்பாலோரிடம் நோய் இல்லை. இரண்டும் உண்மை.

உங்கள் வீட்டுக் கணக்கு இதைவிடக் கொஞ்சம் கூடுதல், ஏற்கெனவே ஒருவருக்கு வந்துவிட்டதால். அந்த ஜீன் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால் உங்களுக்கும் தங்கச்சிக்கும் அது இருக்க 50 விழுக்காடு வாய்ப்பு. இருந்தாலும்கூட நோய் வர வாய்ப்பு 100க்கு 10 முதல் 20. டெஸ்டே எடுக்காமல் மொத்தமாகச் சொன்னால், இந்த நோயுள்ளவரின் கூடப்பிறந்தவர்களில் 100க்கு 8 பேர் அளவுக்கு வருகிறது. மீதி 92 பேருக்கு வருவதில்லை என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள். இது பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்கிவிடுகிற நோய் என்பதால் உங்களுக்கு அந்த வாய்ப்பு வருடா வருடம் குறைந்துகொண்டும் வருகிறது.

சரி, ஜீன் மட்டும் போதாது என்றால் வேறு என்ன வேண்டும்? இதில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு, வகுப்பில் எப்போதும் சொல்வேன். அமெரிக்காவில் மனிதனுடைய பி27 ஜீனை எலிகளுக்குள் வைத்தார்கள். அந்த எலிகளுக்குக் குடலிலும் மூட்டிலும் அழற்சி வந்தது. பிறகு அதே எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டில் பிறப்பிலிருந்து வளர்த்தார்கள், வயிற்றில் ஒரு பாக்டீரியாகூட இல்லாமல். குடலில் அழற்சி வரவில்லை, மூட்டிலும் வரவில்லை! 1994இல் வந்த ஆய்வு. ஜீன் அப்படியே இருக்கிறது, ஆனால் வயிற்றுக் கிருமிகளோடு சேராதவரை குடலையும் மூட்டையும் அது ஒன்றும் செய்யவில்லை. மனிதரிலும் இந்த நோய்க்காரர்கள் பலருக்கு வெளியே தெரியாத லேசான குடல் அழற்சி இருக்கிறது.

பி27 மட்டும் தனியாகவும் இல்லை. அது காட்டுகிற துண்டுகளை நறுக்கிக் கொடுக்கிற ஈஆர்ஏபி1 என்ற நொதியின் ஜீன், ஐஎல்-23 என்ற அழற்சித் தூதை வாங்குகிற ஏற்பியின் ஜீன், இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் சேர்க்கும். ஐஎல்-23 வழி ஐஎல்-17 என்ற இன்னொரு தூதைக் கிளப்புகிறது, அந்த ஐஎல்-17ஐ அடக்குகிற ஊசி இன்று இந்த நோய்க்கே மருந்தாக இருக்கிறது.

ஒரே மாதிரி இரட்டையர்களை எடுத்தால் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கு அளவு. ருமட்டாய்டு மூட்டுவாதத்தில் அதே கணக்கு 100க்கு 15 அளவுதான். பொதுவாக எதிர்ப்பு சக்தியைப் பற்றிக் கேட்டால், 2015இல் ஸ்டான்ஃபோர்டில் 210 இரட்டையர்களின் ரத்தத்தில் இருநூற்றுச் சொச்சம் அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 77 விழுக்காட்டில் பரம்பரையைவிட மற்ற காரணங்களே பாதிக்கு மேல் தீர்மானித்தன: வந்துபோன தொற்றுகள், சூழல், வயது. வயது ஏற ஏற இரட்டையர்களின் எதிர்ப்பு சக்தி ஒன்றிலிருந்து ஒன்று விலகிப் போகிறது.

கருங்கல் அபி:

வாத்தியார் சொல்வது சரிதான், ஆனாலும் எல்லோரும் ஒரு முறை டெஸ்ட் எடுத்து வைத்துக்கொள்வதில் என்ன தப்பு? தெரிந்திருப்பது நல்லதுதானே. அப்புறம் எதிர்ப்பு சக்தி கூட்டுகிற கஷாயம், பொடி நிறைய கிடைக்கிறது, தம்பிக்குக் கொடுத்துப் பாருங்கள். மணல் விஷயத்தையும் சும்மா தள்ளிவிட வேண்டாம், அதில் தோரியம் இருப்பது உண்மை.

தக்கலை வாத்தியார்:

அபி, கஷாயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்தத் தம்பியின் எதிர்ப்பு சக்தி குறைந்து போகவில்லை, அடங்க வேண்டிய இடத்தில் அடங்காமல் நிற்கிறது, அதுதான் நோயே. சாதாரணக் காயத்தில் அழற்சி வரும், வேலையை முடிக்கும், தானாக இறங்கும். இங்கே மூட்டில் எலும்பும் தசைநாரும் சேருகிற இடத்தில் இறங்காமல் வருடக்கணக்கில் எரிகிறது, அந்த இடத்தில் எலும்பு வளர்ந்து ஒட்டுகிறது. உண்மையாகவே அதைக் கூட்டுகிற சக்தி ஒரு பொடிக்கு இருந்தால் அதைத்தான் முதலில் தவிர்க்க வேண்டும். போதாக்குறைக்கு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்து விற்பதும் நடக்கிறது.

மணல். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் கதிர்வீச்சு உள்ள தோரியம் இருக்கிறது, மத்திய அரசின் ஆலையே அங்கே இருக்கிறது, யாரும் மறுக்கவில்லை. இதே மாதிரி மணல் உள்ள கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் 70,000 பேர் அளவில் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியிட்டார்கள், மணலின் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. பி27 என்று பார்த்தாலோ, அது பல்லாயிரம் வருடப் பழைய வகை. கனடாவின் ஹைடா பழங்குடியினரில் பாதிப்பேர் வரை இருக்கிறது, அவர்கள் நம் கடற்கரையைக் கண்டதே இல்லை. சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் பல இடங்களில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பாட்டன் பூட்டன் வழியாக வந்ததை மணல் தலையில் கட்டுவது நியாயம் இல்லை.

இவ்வளவு காலம் இந்த வகை அழியாமல் வந்ததற்கும் காரணம் இருக்கலாம். பி27 உள்ளவர்களில் எச்ஐவி மெதுவாகத்தான் முற்றுகிறது, ஹெபடைட்டிஸ் சி வைரஸைத் தானாகவே விரட்டிவிடுபவர்களும் அவர்களில் அதிகம். கொரோனா நேரத்தில் ஸ்வாண்டே பேபோ, ஹ்யூகோ ஸெபெர்க் என்ற இரண்டு ஜீன் ஆராய்ச்சியாளர்கள் 2020இல் காட்டியதும் இதே மாதிரிதான். நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்த ஒரு ஜீன் துண்டு தெற்காசியாவில் பாதிப்பேரிடமும், ஐரோப்பாவில் 16 விழுக்காட்டினரிடமும் இருக்கிறது, அது இருந்தால் கொரோனா கடுமையாகும் ஆபத்து கூடுதல். அதே துண்டு எச்ஐவி தொற்றும் வாய்ப்பைக் குறைக்கிறது என்று பின்னால் தெரிந்தது. கெட்ட ஜீன் என்று முத்திரை குத்துவதற்கு முன்னால் இதையெல்லாம் யோசிக்க வேண்டும், குறிப்பாக ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சில்.

ஆசான் வீட்டுப் பேரன்:

எங்கள் குடும்பம் தலைமுறையாக வர்மம் பார்க்கிற குடும்பம், திருவட்டாறு பக்கம். மாமா வர்மத்துக்குக் கூட்டிப்போகலாம் என்றதால் எழுதுகிறேன். தசைப்பிடிப்பு, அடிபட்ட வர்மம், சுளுக்கு, இதற்கெல்லாம் எங்கள் ஆட்கள் கை வைத்தால் பலன் உண்டு, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் முதுகெலும்பு ஒட்டத் தொடங்கிய ஆளுக்கு முறுக்கி நெட்டி எடுப்பதும், கழுத்தைத் திருப்பி விடுவதும், முதுகில் ஏறி மிதிப்பதும் கூடவே கூடாது. ஒட்டிப்போன முதுகெலும்புக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது, சின்ன விசையில் முறிந்துவிடும், உள்ளே தண்டுவடம் இருக்கிறது. என் தாத்தா காலையில் வலி கூடுதலா, நடந்தால் குறைகிறதா என்று முதலில் கேட்பார், ஆமாம் என்றால் கை வைக்காமல் பெரிய ஆசுபத்திரிக்கு அனுப்பிவிடுவார். லேசாக எண்ணெய் தடவி உழிவது வேறு, அதைக்கூட டாக்டரிடமும் ஆசானிடமும் நோயின் பெயரைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

மண்டைக்காட்டுக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியார் சார் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அந்த எலிக் கதையை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னாள்.

இரண்டு விஷயம் மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. தங்கச்சிக்கு டெஸ்ட் எடுக்கலாமா வேண்டாமா, மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா? அப்புறம் தம்பிக்கு ஊசி போட வேண்டிவரலாம் என்றார் டாக்டர், விலை கேட்டுப் பயந்துவிட்டோம்.

திருவனந்தபுரம் சிஸ்டர்:

மோளே, நான் விளவங்கோடுகாரிதான், திருவனந்தபுரத்தில் வாத நோய்ப் பிரிவில் ரொம்ப நாள் நர்ஸாக இருந்தேன். நேராகவே சொல்கிறேன்.

தொந்தரவு ஒன்றும் இல்லாத ஆளுக்கு இந்த டெஸ்ட் எடுக்காதீர்கள். தங்கச்சிக்கும் வேண்டாம், ஆறு வயதுப் பையனுக்கு நிச்சயம் வேண்டாம். பாசிட்டிவ் வந்தால் கொடுக்கத் தடுப்பு மருந்து எதுவும் கிடையாது, வராமல் தடுக்க வழியும் கிடையாது. ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு இடுப்பு வலிக்கும் பயப்படுவதுதான் மிஞ்சும். நெகட்டிவ் வந்தாலும் முழு நிம்மதி என்று சொல்ல முடியாது, அந்த ஜீன் இல்லாமலும் சிலருக்கு இந்த நோய் வருகிறது, நம் நாட்டில் அப்படி வருகிறவர்கள் ஐரோப்பாவைவிடக் கூடுதல். டெஸ்டுக்குப் பதில் அறிகுறியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: 45 வயதுக்குள் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற இடுப்பு வலி, காலையில் விறைப்பு, ஓய்வில் கூடி அசைந்தால் குறைவது, ராத்திரி பின் ஜாமத்தில் எழுப்பிவிடுவது. இது உங்களுக்கோ தங்கச்சிக்கோ வந்தால் அன்றைக்கு டெஸ்ட் எடுக்கலாம், எங்கள் வீட்டில் ஒருவருக்கு இருக்கிறது என்று முதல் வார்த்தையிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இது ஆண்களின் நோய் என்ற பேச்சை நம்பாதீர்கள், பெண்களுக்கும் வரும், பிரசவத்துக்குப் பிறகான வலி என்று தள்ளிப்போட்டே பெண்களுக்குக் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது.

கல்யாண விஷயம். தங்கச்சிக்கு நோய் இல்லை. இல்லாத நோயை மாப்பிள்ளை வீட்டில் எதற்குச் சொல்வது? என் தம்பிக்கு முதுகெலும்பு வாதம், மருந்து எடுக்கிறான் என்று கேட்டால் சொல்லுங்கள், ஒளிக்க ஒன்றும் இல்லை. தம்பிக்கும் கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம். பிள்ளைக்கு ஜீன் போக 50 விழுக்காடு, நோய் வருவது அதில் சின்னப் பங்குதான். மருந்து எடுக்கிற காலத்தில் பிள்ளைக்குத் திட்டமிடும்போது மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், ஸல்ஃபாஸலஸின் மாதிரி சில மருந்துகள் ஆண்களின் விந்தணு எண்ணிக்கையைத் தற்காலிகமாகக் குறைக்கும்.

ஊசி எல்லோருக்கும் உடனே வேண்டியதில்லை. முதலில் அழற்சியைக் குறைக்கிற வலி மாத்திரையும் பயிற்சியும்தான், நிறையப் பேருக்கு அதுவே பிடித்து நிறுத்திவிடும். அதற்கும் அடங்கவில்லை என்றால்தான் டிஎன்எஃப் என்ற அழற்சித் தூதை அடக்குகிற ஊசி, ஐஎல்-17ஐ அடக்குகிற ஊசி, டோஃபாசிட்டினிப் மாத்திரை. டிஎன்எஃப் ஊசிகளில் ஒன்றான அடாலிமுமாப்பின் மாற்று வடிவத்தை 2014 கடைசியில் அகமதாபாத் கம்பெனி ஒன்று உலகிலேயே முதலில் இங்கே கொண்டுவந்தது, அதிலிருந்து விலை நன்றாக இறங்கியிருக்கிறது, டோஃபாசிட்டினிப்பும் இந்தியக் கம்பெனிகளின் தயாரிப்பாகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் விசாரியுங்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோய்க் கேளுங்கள்.

ஒன்று விடாமல் கேட்க வேண்டியது: ஊசியோ டோஃபாசிட்டினிப்போ தொடங்கும் முன் காசநோய் டெஸ்ட் எடுத்தார்களா என்று. நம் ஊரில் காசநோய்க் கிருமி பலர் உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி வேலி கட்டி வைத்திருப்பதே டிஎன்எஃப்தான், அதை அடக்கினால் கிருமி எழுந்துவிடும். ஹெபடைட்டிஸ் பி டெஸ்டும் வேண்டும்.

கண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நோய்க்காரர்களில் நாலில் ஒருவருக்கு மேல் என்றாவது ஒரு நாள் கண்ணில் அழற்சி வரும். ஒரு கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் கண்நோய் என்று கடையில் சொட்டு மருந்து வாங்கக் கூடாது, அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும், நோயின் பெயரைச் சொல்ல வேண்டும்.

மண்டைக்காட்டுக்காரி:

சிஸ்டர், போன மாதம் அவனுக்கு இடது கண் சிவந்து கிடந்தது! தானாகவே சரியாகிவிட்டது என்றான். நாளைக்கே கண் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். அவன் லீவு முடிந்து திரும்பப் போகலாமா?

குலசேகரத்தான்:

போகலாம் தங்கச்சி, என்ன மருந்து என்று முடிவாகி, அது பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகட்டும். லீவை நீட்டக் கேட்கச் சொல், டாக்டரின் கடிதம் இருந்தால் கொடுப்பார்கள். ரிப்போர்ட் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளச் சொல், எம்ஆர்ஐ சிடியையும் கையோடு கொண்டுபோகட்டும், அங்கே வாத நோய் டாக்டர் இருக்கிற ஆசுபத்திரியை முன்கூட்டியே விசாரித்து வைக்கட்டும். அந்த வலி மாத்திரை சாப்பிடுகிற நாட்களில் வயிறு எரிந்தாலோ மலம் கறுத்துப் போனாலோ உடனே சொல்ல வேண்டும், வெல்டிங் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இந்த மாத்திரையை விழுங்கினால் கிட்னிக்குக் கேடு. கண் டாக்டர் என்ன சொன்னார் என்று இங்கேயே எழுது.